டீச்சர் ஊருக்குப் போன பாடம்

மூன்றாம் ஆண்டு வகுப்பில் எங்களுக்கு ஒரு டீச்சர் கிடைத்ததே பெரிய விஷயம். அதற்கு முந்தைய வருடம் முழுக்க, பக்கத்து வகுப்பு வாத்தியார் சேர்தான் கரும்பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்து எங்களை அதட்டிக்கொண்டிருந்தார். வட்டகொடைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒரே நீள மண்டபம், கரும்பலகைகள்தான் சுவர்கள். நாங்கள் பாட்டுப் பாடினால் ஐந்தாம் ஆண்டு சேர்ந்து பாடும். அவர்கள் அடி வாங்கினால் நாங்கள் கையைத் தேய்த்துக்கொள்வோம்.

டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். தை மாதக் குளிரில் சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் வந்தவர், எழுந்து நின்ற எங்களைப் பார்த்து, "இருங்கோ பிள்ளையள்" என்றார். எங்கள் பேச்சில் 'இரு' என்றால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். நாங்கள் பொறுத்தோம். "இருங்கோ, இருங்கோ" என்று இன்னும் அன்பாகச் சொன்னார். இன்னும் ஒழுங்காக நின்றோம். கடைசியில் அந்தப் பக்கமாக வந்த அதிபர், "என்னா நிக்கிறீங்க, உக்காருங்க புள்ளைகளா" என்று சத்தம் போட்டதும் வகுப்பே பொத்தென்று உட்கார்ந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அவர் எங்களுக்குச் சொந்தமாகிவிட்டார்.

அவர் தங்கியது என் பெரியம்மா வீட்டில். பெரியப்பா தோட்டத்து மருந்துக் கொட்டகையில் வேலை பார்த்ததால் அவர்களுக்கு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வெளியே தனியாக ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். காலையில் டீச்சரைப் பாடசாலைக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு எனக்கு. குடையைப் பிடிப்பதும், அவர் காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிடுவதும் என் வேலை. வகுப்பில் பாதிப் பேர் இதற்காகவே என்னோடு கோபமாக இருந்தார்கள்.

நடந்து போகும்போது அவர் இங்குள்ள செடிகளின் பெயர்களைக் கேட்பார். நான் அவருடைய ஊரைக் கேட்பேன். அங்கே மலையே கிடையாது என்பதை நம்ப எனக்கு நிறைய நாள் பிடித்தது. வீட்டில் அவருடைய அம்மா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா வீட்டு டெலிபோனுக்கு அந்த அம்மா பேசுவார். டீச்சர் அன்றைக்குக் காலையிலேயே தலை வாரி, பொட்டு வைத்து, விருந்தாளி வரப்போவது போல் டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாப்பிட்டியளோ அம்மா?"

சித்திரை விடுமுறைக்கு மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் ஊருக்குப் போனார்கள். டீச்சர் போகவில்லை.

"நீங்க ஏன் டீச்சர் போகல?"

"பாதையைப் பூட்டிப்போட்டாங்கள், பிள்ளை."

"சாவி யாருகிட்ட இருக்கு டீச்சர்?"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை" என்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டத்துத் துரை பங்களாவின் கேட்டுதான். இருட்டியதும் வாச்சர் அதைப் பூட்டிவிடுவார். காலையில் திறந்துவிடுவார். டீச்சருடைய பாதையையும் யாரோ ஒரு வாச்சர் திறக்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சண்டை நடக்கிறது என்று பெரியவர்கள் பேசுவது காதில் விழும். ஆனால் நாங்கள் பக்கத்தில் போனால் ரேடியோவைக் குறைத்துவிடுவார்கள்.

இரண்டாம் தவணை தொடங்குவதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பறித்த போஞ்சிக்காயைக் கொடுக்கப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டார்.

"டீச்சருக்குத் தலவலி. நீ வீட்டுக்குப் போ."

உள்ளே லயத்துப் பெண்கள் சிலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் அம்மாவும் இருந்தார். மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் எப்போது இங்கே வந்தார் என்று தெரியவில்லை. பாவாடை முழங்கால் வரைக்கும் ஈரமாக இருந்தது. தலைவலிக்கு இத்தனை பேர் ஏன் என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு, பெரியம்மா வீட்டு அடுப்பில் புகை என்றார்.

மறுநாள் வழக்கம்போல் போனேன். டீச்சர் தயாராக இருந்தார். தலை முழுகியிருந்தார், ஈரக் கூந்தலைப் பின்னாமல் நுனியில் முடிந்திருந்தார். அந்தக் குளிரில், தலைவலியோடு, ஏன் தலை முழுகினார் என்று கேட்க நினைத்தேன். பெரியம்மா பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தார்.

"இன்னைக்குப் போகத்தான் வேணுமா டீச்சர்? நான் ஆள் அனுப்பிச் சொல்லிடுறேனே."

"இஞ்ச இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்யிறது அக்கா? பிள்ளையளோட இருக்கிறன்."

வழியெல்லாம் அவர் எந்தச் செடியின் பெயரையும் கேட்கவில்லை. நான்தான் இரண்டு பேருக்குமாகப் பேசிக்கொண்டு போனேன்.

விடுமுறை முடிந்து திறந்த வகுப்புக்கென்று ஒரு வாசனை உண்டு. ஈர மரமும் பழைய தூசும் புதுச் சோக்கும் கலந்த வாசனை. மேசைகளைத் துடைத்து, சிலந்திக் கூடுகளை அடித்து, நாங்கள் உட்காருவதற்குள் மூடுபனி சன்னல் வழியாக முதல் வரிசை வரைக்கும் வந்துவிட்டது. அதிபர் வந்து டீச்சரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சுற்றாடல் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். அந்தத் தவணையின் முதல் பாடம் பயணம்.

"ஆர் ஆர் தூரப் பயணம் போயிருக்கிறியள்?"

ஒருவன் ஹட்டன் என்றான். ஒருத்தி கினிகத்தேனையில் சித்தி வீடு என்றாள். கொழும்பு என்று பொய் சொன்னவனை எல்லாரும் சேர்ந்து உட்கார வைத்தோம். அப்போது முன் வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், ஒங்க ஊருக்கு எப்பிடிப் போறது?"

டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"போவமா?"

நாங்கள் உட்காரும் நீள வாங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போடச் சொன்னார். அது ரயில். வட்டகொடையில் ஏறினோம். தலவாக்கலையில் வடை விற்றார்கள், வாங்கித் தின்றோம். கொட்டகலை தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வந்தது. கண்களை இறுக்க மூடிக்கொண்டு கத்தினோம். அந்தப் பக்கமிருந்து நான்காம் ஆண்டும் சேர்ந்து கத்தியது. கண்டியில் இறங்கி வாங்குகளைத் திருப்பிப் போட்டதும் அவை பஸ்ஸாகிவிட்டன. மாத்தளை, தம்புள்ளை என்று டீச்சர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். வவுனியா வந்ததும், "இனி ஒரே வெயில். ஸ்வெட்டரைக் கழட்டுங்கோ" என்றார். மூடுபனிக்குள் உட்கார்ந்துகொண்டு எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும், "என்னா வெயிலு!" என்று புத்தகத்தால் விசிறிக்கொண்டோம். டீச்சரும் தன்னுடைய இரண்டு ஸ்வெட்டர்களையும் கழற்றி நாற்காலியில் போட்டார்.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர். எங்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. சன்னலைக் காட்டினார். பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி வெள்ளையாகப் படுத்திருந்தது. "இப்பிடித்தான். ஆனா நீலம்" என்றார்.

பிறகு ஒரு சந்தியில் இறங்கினோம். வாங்குகளை விட்டு எழுந்து, டீச்சர் முன்னால் போக, மண்டபத்தின் ஓரமாக வரிசையில் நடந்தோம். ஒரு கோயில் வந்தது. பனை ஓலை வேலிகள் வந்தன. "இது சின்ன ஒழுங்கை. ஒராள் பின்னால ஒராள் வாங்கோ." நடந்து நடந்து மூலையிலிருந்த பழைய கரும்பலகைக்கு முன்னால் அவர் நின்றார்.

"இதுதான் எங்கட வேலிப் படலை. கிணத்தடியில காலைக் கழுவிப்போட்டு வாங்கோ."

எங்களுக்குத் தெரிந்தது பீலியும் குழாயும்தான். கிணற்றில் தண்ணீர் எப்படி அள்ளுவது என்று தெரியாமல் விழித்தோம். அவர் கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல் செய்து காட்டினார். ஒவ்வொருவர் காலுக்கும் அவரே தண்ணீர் ஊற்றினார். கடைசியாகத் தன்னுடைய காலுக்கும் ஊற்றிக்கொண்டார்.

"உள்ள போகலாமா டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுல யாரு டீச்சர் இருக்காங்க?"

"அம்மா."

"என்னா செய்றாங்க?"

"படுத்திருக்கிறா."

எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் எல்லாருடைய வீட்டிலும் யாராவது வேலை முடிந்து வந்து படுத்திருப்பார்கள். சத்தம் போட்டால் முதுகில் விழும். நான் திரும்பி வாயில் விரலை வைத்தேன். வரிசை முழுக்க ஒவ்வொருவராக வாயில் விரலை வைத்தார்கள். எப்போதும் இருமிக்கொண்டே இருக்கும் பையன்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டான். மண்டபத்தின் மறுபக்கத்தில் யாரோ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. டீச்சர் கரும்பலகைமேல் இரண்டு கைகளையும் வைத்து நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். பயணம் வந்த களைப்பு என்று நினைத்தேன். அவர் திரும்பும்வரை நாங்கள் யாரும் விரலை எடுக்கவில்லை. அவர் திரும்புவதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது.

அன்று நான் வீட்டுக்கு ஓடினேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாவிடம் சொன்னேன்: "டீச்சர் எங்கள அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்கம்மா. அவங்க அம்மா தூங்கிட்டு இருந்தாங்க. நாங்க ஒருத்தருமே எழுப்பல."

அம்மா கூடையை இறக்கவில்லை. அப்படியே வாசலில் நின்றார்.

டீச்சர் அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டார். பாதை திறந்த பிறகு ஊருக்குப் போயிருப்பார் என்று நம்புகிறேன். இன்றைக்கும் குளிரும் காலைகளில் அவர் குரலைத் தேடுகிறேன். நான் போஞ்சி கொண்டுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த டெலிபோன், அவருடைய அம்மா இறந்துபோன செய்தி. சண்டையால் தரைப் பாதை மூடியிருந்ததால், கப்பலில் போவதற்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அக்கம்பக்கத்தார்தான் எல்லாம் செய்தார்கள். திங்கட்கிழமை இடைவேளைக்குச் சற்று முன்னால், நாங்கள் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்ற அதே நேரத்தில், அங்கே அந்த அம்மாவைத் தூக்கினார்களாம். நான் வளர்ந்து பெரியவளான பிறகுதான் பெரியம்மா இதைச் சொன்னார்.

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்கிருந்தது ஒரே ஒரு மனக்குறைதான். அவ்வளவு தூரம் போயும், வீட்டுக்குள் ஒரு நிமிஷம் போய்விட்டு வருவதற்குள் மணியை அடித்துவிட்டார்களே என்று.