வள்ளியூர் வரை எதிர்காற்று

மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய பந்தய சைக்கிள் அது. இத்தாலியில் யாரோ ஒருவர் இரும்புக் குழாய்களைக் கையாலேயே சேர்த்துச் செய்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. அதில் வள்ளியூர் அக்கா வீடு வரை போய்விட வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆடிக் காற்றில் இரண்டு முறை தோற்று, பாதியிலேயே திருநெல்வேலிக்குத் திரும்பியிருந்தேன்.

மூன்றாவது முறை நாங்குநேரி தாண்டியதும் பின் கியர் வயர் அறுந்தது. சங்கிலி மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கிவிட்டது. மிதிக்க ஆகக் கடினமான கியர் அது. காற்றோ நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது. வாழைத்தார் ஏற்றிவந்த வண்டிக்காரர் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

“அண்ணாச்சி, ஏறுங்க. சைக்கிளைத் தார் மேல கெடத்திக்கிடலாம்.”

“வேண்டாம்யா. பைய போயிக்கிடுதேன்.”

“இந்தக் காத்துலயா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் மறைந்ததும், ஏறியிருக்கலாமோ என்று தோன்றியது உண்மை. எழுந்து நின்று மிதித்தேன். அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்கினேன். ஆனால் ஓரடிகூட உருட்டிக்கொண்டு நடக்கவில்லை.

அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“ஏலே, எதுல வந்தே?”

“இதுலதான்க்கா.”

அவள் நம்பவில்லை. என் சட்டையில் உப்புப் பூத்திருந்ததைப் பார்த்த பிறகுதான், “மொதல்ல சாப்புடு” என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் போகச் சொன்னாள். நான் கடைத்தெருவில் புது வயர் வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.