பொரோன்பாய் தின்ற ரொட்டி

பொரோன்பாய் இப்போதும் என் தேநீர்க் கடைக்கு வருகிறான். வியாபாரம் என்று இருந்தால் எல்லாருக்கும் ஊற்றத்தான் வேண்டும், ஊற்றுகிறேன். அவன் வாய் அசைவதைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் மலையூரான நாரின் சந்தையில் பழைய வண்டி விற்கிறவன் அவன். அவனிடம் வேன் வாங்கி ஏமாந்தவள் ஷைர்குல். அவளைப் போல வண்டி ஓட்டுகிற ஆளை நான் கண்டதில்லை. தோலோன் கணவாயில் பனி கொட்டினால் ஆண்பிள்ளைகள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள்; இவள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே தலைநகர் பிஷ்கேக் போய்ச் சேர்ந்துவிடுவாள். வாய் மட்டும் காரம். வேனில் இடத்துக்குச் சண்டை போடுகிற பயணிகளிடம், "ஆட்டு மந்தைகூட இவ்வளவு கத்தாதுப்பா" என்பாள். பல வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டி, கடைசியில் இருந்த பசுக்களையும் விற்றுச் சொந்தமாக ஒன்று வாங்கினாள். எஞ்சினுக்கு மூன்று மாத உத்தரவாதம் என்று பொரோன்பாய் முத்திரை குத்திச் சீட்டும் கொடுத்தான்.

முதல் மாதம் முடிவதற்குள் கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோனது. மெக்கானிக் கிலிச் பிரித்துப் பார்த்தான். தேய்ந்த எஞ்சின் சத்தம் போடாமலிருக்க ஆயிலில் எதையோ கலந்திருந்தார்கள். அடியில் தார் மாதிரி கட்டியாகக் கிடந்தது.

சண்டை என் கடையில்தான் நடந்தது.

"ஆயில்ல நீ என்னத்த ஊத்தினியோ, யார் கண்டா தங்கச்சி?" என்றான் பொரோன்பாய்.

"நீங்க குடுத்த ஆயில்தாண்ணே. இன்னும் மாத்தவே இல்லை."

"அதை நீ சொல்றே."

அப்போதுதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு, நான் எதுவும் கலக்கலைன்னு சொல்லுங்க. சொல்லிட்டா நான் கேரண்டியே கேக்க மாட்டேன்."

ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் பொய் சொல்ல மாட்டார்கள். சத்தியம் செய்தபின் அந்த வழக்கை யாரும் திரும்பக் கிளறவும் மாட்டார்கள். திருடன்கூட ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஷைர்குல் அதைத்தான் நம்பினாள்.

"பொய் சொன்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும். நான் எதுவும் கலக்கலை" என்றான், நாளைக்குக் குளிரும் என்று சொல்வது போல. பிறகு அதே ரொட்டியில் பாலாடையைத் தடவித் தின்ன ஆரம்பித்தான். காலையில் என் கையால் சுட்ட ரொட்டி அது. கடைவாயில் பாலாடை வழிந்தது. மீதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினான்.

"இந்தா, கொஞ்சம் வாயில வை. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே."

நீட்டிய ரொட்டியை மறுக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அவள் மறுத்தாள்.

"நீங்க சத்தியம் பண்ணின ரொட்டி எனக்குச் செரிக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

எஞ்சினில் பார்த்ததைக் கோர்ட்டில் வந்து சொல்லேன் என்று அங்கேயே இருந்த கிலிச்சிடம் கேட்டேன். "ரொட்டி மேல சத்தியம் பண்ணினப்புறம் நான் என்னக்கா சொல்றது?" என்றான். மற்றவர்களும் மீசையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவன் புளுகினான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும்.

வாரநாளில் ஷைர்குல் மறுபடி அடுத்தவன் வண்டியை ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும்போது, அவன் வாசலுக்கு எதிரே இழுத்து வந்து நிறுத்திய தன் வேனின் பக்கத்தில் நிற்கிறாள். வண்டி வாங்க வருகிறவர்களைக் கூப்பிட்டு, தட்டில் வைத்திருக்கும் அந்தக் கறுப்புக் கட்டியைக் குச்சியால் கிளறிக் காட்டுகிறாள். பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். பார்த்த பிறகும் உள்ளே போகிறவர்களை என்னவென்று சொல்ல.

போன வாரம் பொரோன்பாய் பொறுக்கமாட்டாமல் ரோட்டுக்கு வந்துவிட்டான்.

"கேரண்டி கேக்க மாட்டேன்னு நீதானே சொன்னே?"

"கேக்கலையே. காட்டறேன்."

"ரொட்டியோட முடிஞ்ச விஷயம் இது. உனக்கு ரொட்டி மேல பயமே இல்லையா?"

அவள் குச்சியைத் துடைத்து வைத்தாள்.

"இருக்குண்ணே. அதான் அன்னைக்கு நான் சாப்பிடலை."