அக்காவின் அளவு

அக்கா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கல்யாணம் ஆகாமலே போனவள் என்பதால், முதல் படையலில் சேலையோடு தைத்த ரவிக்கையும் வைக்க வேண்டும் என்றாள் அம்மா. தைக்கிறவள் நான்தான். ஆனால் அவளுடைய அளவு என்னிடம் இல்லை. துணிகளையெல்லாம் கருமாதி முடிந்த கையோடு கொடுத்துவிட்டோம்.

காரைக்காலில் எங்கள் தையல் கடை. நான் டேப் பிடித்து அளவு சொல்லுவேன். அக்கா கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். எட்டாவதோடு நின்றவள் நான். அவள் கோர்ஸ் படித்து, எல்லோருடைய அளவுக்கும் ஒரு டேட்டாபேஸ் போட்டு வைத்திருந்தாள். அவளுடைய அளவும் அதில்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் மழையில் நனைந்து செத்துப்போனது. ஹார்டு டிஸ்க்கை மட்டும் புதியதில் மாட்டித் தந்தார்கள். டேட்டாபேஸை மறுபடி போட எனக்குப் போனில் வழி சொன்னது, அக்காவோடு கோர்ஸ் படித்த தோழி. கீழவாஞ்சூரில் லாரி ஆபீஸில் வேலை. எல்லாம் போட்டாயிற்று; ஸ்டார்ட் கொடுத்தால் ஓட மாட்டேன் என்றது.

"லாக் ஃபைலத் திற. கடைசி வரி என்ன?"

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பெர்மிஷன் டினைடு."

"டேட்டா ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி செக்யூரிட்டி போ. யார் யார் பேரு இருக்கு?"

"என் பேரு மட்டுந்தான்."

"மத்ததெல்லாம் எங்கடி?"

"நாந்தான் எடுத்துட்டேன்க்கா."

டிஸ்க் வந்த அன்றே எடுத்துவிட்டேன். அக்கா ஏற்றியதை யாராவது அழித்துவிட்டால்? 'நெட்வொர்க் சர்வீஸ்' என்ற பெயரைப் பார்த்ததும் இன்டர்நெட் வழியாக வருகிற திருடன் என்றே நினைத்தேன். கேள்விக்குறி போட்டு ஒரு நீள நம்பர் இருந்தது. அதைத்தான் முதலில் தூக்கினேன். எல்லாவற்றையும் தோழியிடம் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "பயந்தாங்கொள்ளி! டேட்டாபேஸ் அந்த நெட்வொர்க் சர்வீஸ் பேர்லதாண்டி ஓடுது. அதையே வெளிய தள்ளிட்டா எப்படிப் படிக்கும்?" பிறகு சிரிப்பு நின்றது. "அந்த நம்பர் உங்கக்காடி. பழைய கம்ப்யூட்டர்ல அவ வச்சிருந்த அக்கவுண்ட். புதுசுக்கு அவளத் தெரியாது, அதான் நம்பரா காட்டியிருக்கு."

"திரும்பப் போடலாமாக்கா?"

"போட்டு என்ன பண்ணப்போற? அதுல உள்ள வர ஆளில்லையே."

நெட்வொர்க் சர்வீஸை மட்டும் சேர்த்து, முழு அனுமதிக்கு டிக் அடித்தேன். ஒன்றும் அழியாதே என்று மூன்று தடவை கேட்டேன். ஓடியது.

அக்கா பெயரில் மூன்று வரி. மார்பு முப்பத்தாறு. அடுத்தது முப்பத்துநாலு. கடைசி, முப்பது. மூன்றும் என் வாயால் சொன்ன அளவு. குறைகிறதே என்று கேட்டபோது, "டேப் பழசு, இழுபட்டுப்போச்சுடி" என்றாள். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். அவள் சொன்னதை மட்டும் அப்படியே நம்பினேன். கடைசி வரியில் குறிப்பு என்ற இடத்தில் அவளே அடித்திருந்தாள்: புது டேப் வாங்கணும்.

நான் முப்பத்தாறுக்கு வெட்டித் தைத்தேன்.

அம்மா ரவிக்கையை மடியில் விரித்துப் பார்த்தாள். படுக்கையில் கிடந்த அக்காவைக் கடைசி மாசங்களில் குளிப்பாட்டிய கை அது.

"பெருசா இருக்கேடி."

"டேப் பழசும்மா" என்றேன்.