எழுபத்தொன்பது புளியங்கொட்டைகள்

புளியங்கொட்டைகளை மேசையில் பரப்பி, மூன்றாம் தடவையாக எண்ணிக்கொண்டிருக்கிறார் ஜெபசிங். எண்ணியதைச் சட்டைப்பையில் போடுவார். சந்தேகம் வந்து மறுபடி கொட்டுவார். பார்க்கிற நமக்குத்தான் எரிச்சல்.

ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், எங்கள் தெருவிலுள்ள சிறிய தமிழ்ச் சபையின் கோயில்குட்டி அவர். கூட்டுவது, விளக்குத் துடைப்பது, மணியடிப்பது எல்லாம் அவர்தான். மார்த்தாண்டத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. சட்டையில் இரண்டு பக்கமும் பை வேண்டும் என்பார். தையற்காரர் சிரித்தாலும் விடமாட்டார். காரணம் இருக்கிறது. சபையில் ஒருவர் இறந்தால் அவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஓர் அடிக்கு ஒரு கொட்டை வலப் பையிலிருந்து இடப் பைக்குப் போகும். மணி நின்றதும், போனது யாரென்று தெருவே சொல்லிவிடும்.

இன்று யாரும் சாகவில்லை. ஆகஸ்ட் பதினைந்து. எழுபத்தொன்பதாவது சுதந்திர தினமாம். கொடியேற்றியதும் சபை மணியை எழுபத்தொன்பது முறை அடிக்க வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரதீஷ் அறிவித்துவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சபைக்கு எதிர்வீட்டில் படுத்துக்கிடக்கும் சபைக்காரர் திரவியத்துக்கும் வயது எழுபத்தொன்பது. அந்தக் கடைத்தெருவில் மூட்டை தூக்கியவர், டாக்டர் கைவிரித்துவிட்டார். காதும் புத்தியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

“அந்த மனுசன் படுத்த எடத்துலயே எண்ணுவாரு, கேட்டியளா? தனக்க சாவு மணியத் தானே கேக்கணுமா? எனக்க நெஞ்சு கெடந்து அடிக்கு” என்றார் ஜெபசிங்.

ரதீஷிடம் சொல்லியும் பார்த்தார். “ஒராள்க்கு வேண்டி நாடின்றெ வயசு குறைக்கான் பற்றுமோ சேட்டா?” என்று மலையாளத்தில் கேட்டார் ரதீஷ்; ஒருவருக்காக நாட்டின் வயதைக் குறைக்க முடியாதாம். தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். சன்னலைச் சாத்தும்படி திரவியத்தின் மகள் ஷிஜாவிடம் கெஞ்சினார். “அப்பா சம்மதிக்கல அண்ணாச்சி. கொடியேத்துறதக் கேக்கணுமாம், தொறந்தே போடச் சொல்லுதாவ.”

யாரிடமும் சொல்லாமல் ஒன்று கூட்டியோ குறைத்தோ அடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன் நான். முகம் சுண்டிவிட்டது அவருக்கு. “கள்ள மணியா? இந்த மணியில நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல சாரே.” கொட்டைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

எட்டு மணிக்குக் கொடி ஏறியது. ஜெபசிங் வேகமாக அடிக்கத்தான் பார்த்தார். கொட்டை எடுத்து எண்ணியே பழகிய கை; பத்தாவது அடியிலேயே சாவு மணியின் நிதானத்துக்கு வந்துவிட்டது. நாற்பது தாண்டியதும் சபைக்காரப் பெண்கள் உதடசைத்து எண்ண ஆரம்பித்தார்கள். அறுபதில் ஒவ்வொருவராக எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். திறந்த சன்னலுக்குள், கட்டில் விளிம்பில் திரவியத்தின் கை தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு விரல் மடங்கிக்கொண்டிருந்தது.

எழுபத்தொன்பது. ரதீஷ் கைதட்டத் தொடங்கினார். சன்னலுக்குள் அந்த விரல்கள் அசையவில்லை.

ஜெபசிங் சன்னலைப் பார்த்தபடியே வலப் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். வெறும் பை. வெறுங்கையை வெளியே எடுத்தார். கயிற்றைப் பிடித்து, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து எண்பதாவதாக ஒரு கள்ள அடி அடித்தார்.