தொட்டியில் எடுத்த கடல்

மே மாத விடுமுறையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடத்தி, கடைசி நாளன்று மாதா கோயில் பக்கத்து மண்டபத்தில் ஒரு படம் போட்டுக் காட்டுவது எங்கள் பங்கில் வழக்கம். அந்த வருடம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே படத்தைக் கேட்டார்கள். வானத்தில் பறந்து வந்து ஆட்களைக் காப்பாற்றுகிற வீரன் படம். தியேட்டரில் ஓடி முடிந்து டிஸ்க்காக வந்திருந்தது. துபாயில் வேலை பார்க்கும் அடுத்த தெருக்காரர் ஒருவர் லீவில் வரும்போது ஒரிஜினல் டிஸ்க்கே வாங்கி வந்து கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். தமிழிலும் பேசும் என்றார்.

பங்குச் சாமி அதை அப்படியே என் கையில் தந்தார். நான் எட்டாவது வரை படித்தவள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பது நான்தான். வீட்டில் டிஸ்க் போடுகிற பெட்டியும் இருந்தது. முழுதாகப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் பார்க்கலாமா கூடாதா என்று சொல்லச் சொன்னார். அரைகுறை உடுப்பு, முத்தம், கெட்ட வார்த்தை, பிசாசை வணங்குவது, இதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். படத்தில் கடல் வரும் என்று எனக்குத் தெரியாது.

அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் என் அண்ணன் கடலில் காணாமல் போயிருந்தார். வள்ளம் கவிழ்ந்ததில், கூடப் போனவர்களைத் தருவைகுளத்து வள்ளக்காரர்கள் தூக்கி வந்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டர் சுற்றியது. சொந்தக்காரர்கள் நாள் கணக்காகத் தேடினார்கள். ஒரு சட்டைகூடக் கரை ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காத வீட்டில் ஒரு அளவுக்குக் காத்திருந்துவிட்டு, ஆளுடைய படத்தைப் பீடத்துக்கு முன்னால் வைத்து அடக்கப் பூசை செய்துவிடுவோம். மதினி அதற்குச் சம்மதிக்கவில்லை. இலங்கைக் கரையில் ஒதுங்கியிருப்பார், எங்காவது ஜெயிலில் கிடப்பார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப் போய்த் திரும்பி வந்தவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அதனால் அவளிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது. ஒரு பூசைகூட இல்லாமல் அண்ணனுடைய ஆத்துமா மோட்சத்துக்குப் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து தவிக்குமே என்று செபமாலையைக் கையில் எடுத்தாலே அழுகை வரும். மதினியிடம் பல தடவை கேட்டேன். கடைசியாகக் கேட்டபோது, "உங்க அண்ணனைக் குழிக்குள்ள வைக்க உனக்கு என்னளா இம்புட்டு அவசரம்?" என்றாள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

நான் டிஸ்க்கைப் போட்ட அன்று மதியம் மதினி என் வீட்டுக்கு மாவு அரைக்க வந்திருந்தாள். அரைத்து வாளியில் அள்ளி வைத்துவிட்டு, என்ன படம் என்று கேட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். திரையில் அந்த வீரன் தோளில் நீளமாகத் துணியைத் தொங்கவிட்டுப் பறந்துகொண்டிருந்தான்.

"பாய் கட்டுன மாதிரி பின்னால துணிய விட்டுருக்கான். எதிர்க்காத்து அடிச்சா இவன் எப்பிடிளா முன்னால போவான்?" என்றாள். அவளே சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு முத்தம் வந்தது, சின்னதுதான். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

பாதிப் படத்துக்குமேல் கடல் வந்தது. ராத்திரி, புயல், ஒரு கப்பல் இரண்டாக உடைகிறது. ஆட்கள் தண்ணீருக்குள் விழுகிறார்கள். ஒருவன் கையை மேலே நீட்டியபடியே கீழே கீழே போகிறான். நான் ரிமோட்டைத் தேடினேன். அது மதினியின் மடியில் கிடந்தது. அவள் தரவில்லை. அந்த வீரன் தண்ணீருக்குள் பாய்ந்து, மூழ்கினவனை அள்ளிக்கொண்டு மேலே வருகிறான். கப்பலையும் தோளில் தூக்கிக் கரையில் வைக்கிறான். மூழ்கினவன் தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண்ணைத் திறக்கிறான்.

"பொறத்தால போடு" என்று ரிமோட்டை என்னிடம் நீட்டினாள். பின்னால் ஓட்டி அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னாள். அவன் கண்ணைத் திறக்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவள் வாய் லேசாகத் திறந்துகொண்டது. வந்தும் வராததுமாக ஒரு சத்தம் கேட்டது. மாதாவே, இந்தப் படத்தை ஏன் என் கையில் கொடுத்தாய் என்று உள்ளுக்குள் கேட்டேன்.

படம் முடிந்தது. அணைக்கலாம் என்று ஏதோ ஒரு பட்டனை அமுக்கினேன். அணையவில்லை, வேறு ஒன்று ஓட ஆரம்பித்தது. படத்தை எப்படி எடுத்தார்கள் என்று காட்டுவதற்காக டிஸ்க்கில் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். தியேட்டரில் பார்த்தவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். முழுக்க இங்கிலீஷ் பேச்சு, எங்கள் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் போகவும் இல்லை, எல்லாம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. பெரிய கொட்டகைக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் பச்சைத் துணி. ஒருவன் பெரிய காற்றாடியைச் சுழலவிடுகிறான், இன்னொருவன் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுகிறான். மூழ்கினவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறது. எடுத்து முடித்ததும் அவன் தொட்டிக்குள் எழுந்து நின்றான். தண்ணீர் அவன் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது. யாரோ ஒரு துண்டைப் போர்த்திக் காப்பி கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே சிரித்தான்.

மதினி சிரிக்கவில்லை. "நெஞ்சுத் தண்ணிதான" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"உங்க அண்ணன் போன பாரில எட்டுப் பாகம் ஆழம்னு சொல்லுவாவ. கயிறு ஒண்ணும் கெடையாது."

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கிற பாறைத்திட்டு, அந்தக் காலத்தில் முத்துக் குளித்த இடம். எட்டுப் பாகம் என்றால் எட்டு ஆள் நீளம் இருக்கும். அவள் எழுந்து மாவு வாளியை எடுத்தாள். வாசல் வரை போய் நின்றாள்.

"சாமிகிட்ட பூசைக்கு நாள் கேளுளா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் எத்தனை மாதமாக எதற்காக வேண்டிக்கொண்டிருந்தேனோ அது கிடைத்துவிட்டது. கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டியவள், வீட்டுப் பீடத்து மாதா படத்துக்கு முன்னால் போய் முழங்கால் போட்டேன். ஆனால் மதினிக்குப் பின்னாலேயே ஓடிப்போய், வேண்டாம் மதினி, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று சொல்லலாமா என்றிருந்தது. அவள் வருவார் வருவார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எனக்குள்ளும் ஒரு மூலையில் அண்ணன் உயிரோடு இருந்திருக்கிறார். அவள் விட்டதும் எனக்கும் போய்விட்டார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து சாமியார் பங்களாவுக்குப் போனேன். மதினியும் முக்காடு போட்டுக்கொண்டு கூடவே வந்து கதவோரமாக நின்றுகொண்டாள். சாமி முதலில் படத்தைப் பற்றித்தான் கேட்டார். பிள்ளைகள் பார்க்கலாம், தப்பாக ஒன்றும் இல்லை என்றேன். படம் முடிந்த உடனே டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு வருவது பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றும் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது என்றார். கடலைத் தொட்டிக்குள் வைத்து எடுத்ததைக் காட்டுகிறான், அந்த வீரன் கப்பலைத் தூக்கினான் என்று இன்னும் கொஞ்ச நாள் அதுகள் நம்பட்டும் என்றேன்.

பிறகு பூசை விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து மதினியை உள்ளே வரச் சொன்னார். அவள் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அடுத்த சனிக்கிழமை வைக்கலாம் என்று சொல்லி எழுத உட்கார்ந்தவர், இறந்த நாள் என்று எதைப் போடட்டும் என்று மெதுவாகக் கேட்டார். அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. வள்ளம் போன நாளைச் சொன்னேன். அவர் எழுத ஆரம்பித்தார்.

"அன்னைக்கு வேண்டாம் சாமி" என்றாள் மதினி. "அன்னைக்கு சாயங்காலம் கடல்ல இருந்து போன்ல பேசுனாவ. கறி வைக்காத, மீன் கொண்டு வாரேன்னு சொன்னாவ. அன்னைக்கு நல்லா இருந்தாவ. மறுநாள் போடுங்க."

சாமி எழுதினதை அடித்துவிட்டு மறுநாளைப் போட்டார். மதினி அப்போதுதான் உள்ளே வந்து, மேசைமேல் குனிந்து அதைப் பார்த்தாள். சரி என்று தலையை ஆட்டினாள்.