வெறும் குடமிளகாய்தான், சார்

எனக்குக் கோபம் வந்தால் நியாயம் என் பக்கம் என்று அன்றுவரை நம்பியிருந்தேன்.

செம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஸ்டெல்லாவும் நானும் கேஸ் அடுப்புத் தீயிலேயே குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா கோவளத்துப் பெண். மிளகாயின் தோல் வெடித்துக் கறுத்தது; சாறு சொட்டும்போதெல்லாம் தீ சீறியது. சுட்டதை நான் மூடி வைக்க, ஆறியதை அவள் உரித்தாள்.

காலிங் பெல் அடித்தது. மாடிவீட்டுக்காரர், எங்கள் அசோசியேஷன் செயலாளர், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்ன மேடம், கருவாடா? மேல வரைக்கும் நாறுது. உங்க வீட்டுலயுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரிந்த குடமிளகாயை இடுக்கியோடு அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நல்லா மோந்து பாருங்க சார்! வெறும் குடமிளகா! அந்தக் கண்றாவியெல்லாம் எங்க வீட்டு வாசப்படி ஏறாது!"

அவர் அசடு வழிந்தபடி படியேறினார். ஜெயித்த முகத்தோடு திரும்பினேன்.

ஸ்டெல்லா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா கருவாடு சுடும்போதெல்லாம் ஜன்னல சாத்திக்கிறேன்க்கா. அவருக்காக மட்டும்தான்னு நெனச்சேன்."

பாதி உரித்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

செயலாளர் மேல் இன்று எனக்குக் கோபமில்லை. "கருவாடா இருந்தா உங்களுக்கென்ன சார்?" என்று கேட்டிருந்தால் போதும். அது என் வாயில் வரவேயில்லை. வந்தது எது என்பதை ஸ்டெல்லா கேட்டுவிட்டாள்.