வேகாத கம்பிச் சுருள்

இக்னேஷியஸுக்கும் எனக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் அடுத்தடுத்த வீடு. நான் ஜவுளி விற்கிறவன், அவன் ஆணிப் பட்டறையில் கம்பி சுடுகிறவன். "சுட்டுத் தின்னவா போறே?" என்று கேலி செய்வேன். அவன் பொறுமையாக விளக்குவான். அச்சில் இழுத்த கம்பி விறைத்து நிற்கும், மடக்கினால் ஒடியும். சுருளை இரும்புப் பானையில் வைத்து, களிமண் பூசி மூடி, செக்கச்செவேலென்று சிவக்கும்வரை சுட்டு, அடுப்பிலேயே ஆறவிட்டால்தான் சொன்னபடி வளையும்.

ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே வேலைதான். ராணுவ லோரி வந்து சுருள்களை அள்ளிப்போகும். வேலி போடத்தான் என்று நினைத்திருந்தான். ஒருநாள் பாசார் பக்கம் கைதிகளை ஏற்றிய லோரி ஒன்று நின்றது. எல்லார் கைகளும் அவன் சுட்ட கம்பியால் கட்டப்பட்டிருந்தன. அன்றிலிருந்து மரவள்ளிக்கிழங்குகூட அவன் தொண்டையில் இறங்கவில்லை.

நாற்பத்து நான்கில் அவன் மச்சினன் மாரிஸைப் பிடித்துப் போனார்கள். தடைசெய்த வெளிநாட்டு ரேடியோ கேட்டானாம். இக்னேஷியஸின் மனைவி, மாரிஸின் அக்காள் ஜோசஃபின், தம்பி உயிரோடு வர வேண்டுமென்று மாதா படத்தின் முன் விழுந்து கிடந்தாள். மறுநாளே லாக்கப்புக்கு ஒரு சுருள் கேட்டுச் சிப்பாய் வந்தான்.

இந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? பானை சிவக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டான்.

"முறுக்கினா ஒடிஞ்சிரும், பாய். மாரிஸ் கையில நிக்காது," என்று என் காதில் சொன்னான்.

தெரிந்தால் அவன் தலை போகும். ஆனாலும், யா அல்லா, ஒடியட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

மாரிஸ் உயிரோடு வந்தான். ஜோசஃபின் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவனால் கையைத் தூக்க முடியவில்லை. மணிக்கட்டு இரண்டும் எலும்பு தெரிய அறுபட்டு, விரல்கள் கறுத்திருந்தன.

"மத்தவங்களுக்குப் பழைய கம்பி, அத்தான். எனக்குப் புதுசு. ஒடிய ஒடிய, ரெட்டையாப் போட்டுக் குறடால இறுக்குனானுங்க. பாழாப்போன கம்பி, கொஞ்சம் இளக்கமா இருந்திருந்தா என் கை தப்பிச்சிருக்கும்."

இக்னேஷியஸ் என்னைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான். பாவி, எப்படிச் சொல்வேன்?

ஆஸ்பத்திரியில் மாரிஸின் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார்கள். அடுப்பு இரையும்போதெல்லாம் அதற்குள் மாரிஸ் முனகுவது கேட்கிறது என்பான் இக்னேஷியஸ். லாக்கப்பிலிருந்து மறுபடியும் சிப்பாய் வந்தான். இக்னேஷியஸ் அழுதுகொண்டே விறகை அள்ளிப் போட்டான். யார் பெற்ற பிள்ளைக்கோ என்று, அந்தச் சுருளை எவ்வளவு மிருதுவாக்க முடியுமோ அவ்வளவு மிருதுவாகச் சுட்டுக் கொடுத்தான்.